இல்லாத ராஜபாய்க்கு ஒரு துப்பாக்கி

எங்கள் ஊரில் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள ஒரே ஆள் ராஜபாய் மாமி. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சட்டப்படி சொல்கிறேன்.

காரக்கோணத்திலிருந்து கிழக்கே போனால் ரோடு மலையைப் பார்த்து ஏறத் தொடங்கும். அந்த ஏற்றத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் எங்கள் ஊர். மாமிக்கு அங்கே ஒரு மரச்சீனி விளை, அதாவது மரவள்ளிக்கிழங்குத் தோட்டம். மாமி, அவர் கணவர் தேவகுமார் மாமா, மூன்று பிள்ளைகள், எல்லோருக்கும் வருஷத்துச் சாப்பாடு அந்த விளைதான். விளைக்கு மேலே காடு. காட்டில் பன்றி. பன்றிக்கும் மரச்சீனி பிடிக்கும் என்பதுதான் பிரச்சினை.

அதற்காக மாமாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. முன்வாயில் மருந்து போட்டு, குச்சியால் இடித்துக் கெட்டித்து, ஈயக்குண்டு இறக்கிச் சுடுகிற பழைய ஒற்றைக்குழல். மருந்து கெட்டிப்பது மாமி, சுடுவது மாமா. மாமா சுட்டதில் பெரும்பகுதியும் விளையோரத்து அயினி மரத்தில்தான் பதிந்திருக்கிறது. ஆனாலும் சத்தம் கேட்டுப் பன்றி ஓடிவிடும். அது போதுமாக இருந்தது.

போன வருஷம் எல்லைப் போராட்டம் சூடு பிடித்தது. மலையாள ராஜ்யத்தில் இருக்கும் தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று எங்கள் ஊர் ஆண்கள் ஒருநாள் காலையில் கிளம்பிப் பாறசாலைக்குப் போய் ரோட்டில் உட்கார்ந்தார்கள். மாலையில் வந்தபோது ஆளுக்கொரு கேஸோடு வந்தார்கள். மாமாவுக்குக் கேஸ், அவர் தம்பி ராபின்சனுக்குக் கேஸ், டீக்கடை செல்லசாமி அண்ணனுக்குக் கேஸ். நடக்கவே கஷ்டப்படும் தாணுமாலயன் தாத்தாவைக்கூடத் தூக்கிக்கொண்டு போய்க் கேஸ் வாங்கிக் கொடுத்துத் திருப்பிக் கொண்டு வந்தார்கள்.

நான் அன்று திருவனந்தபுரத்தில் இருந்தேன். ஒரு வேலைக்கு இன்டர்வியூ. வேலையும் கிடைக்கவில்லை, கேஸும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று எழுதிக்கொள்கிற முதல் ஆள் நான். ஊரில் கேஸ் இல்லாத ஒரே ஆணும் நான். இன்டர்வியூ வேறு நாளில் இருந்திருந்தால் நான் போயிருப்பேனா என்று அடிக்கடி என்னையே கேட்டுக்கொள்வேன். போயிருப்பேன் என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது.

கைதுக்குப் பிறகு ஊர்க்காரர்கள் ஒரு தீர்மானம் போட்டார்கள்: போலீஸ்காரன் என்ன கேட்டாலும் எவரும் பதில் சொல்லக்கூடாது. ஆலயத்துக்குப் போகிற கிறிஸ்தவர்களும் கோயிலுக்குப் போகிற இந்துக்களும் ஒன்றுபோல ஒத்துக்கொண்ட ஒரே தீர்மானம் அது. ஒரு போலீஸ்காரர் செல்லசாமி அண்ணனிடம் மணி கேட்டபோது, சுவரில் கடிகாரம் தொங்க, அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கேஸ் வந்ததும் மாமாவின் லைசென்ஸ் நிறுத்தப்பட்டது. துப்பாக்கி ரோட்டு முக்கிலிருந்த ஸ்டேஷனுக்குப் போனது. சத்தம் நின்றதைப் பன்றிகள் சீக்கிரம் புரிந்துகொண்டன. முதலில் விளையின் மேல்வரிசை போனது. பிறகு அதற்குக் கீழ்வரிசை. மாமா தகரத்தைத் தட்டினார். பன்றிகள் தகரத்துக்குப் பழகி, தாளம் கேட்டுக்கொண்டே தின்றன.

"இப்பிடியே போனா கிறிஸ்மஸுக்கு முந்தி விளை காலி" என்றார் மாமி. "தின்ன கிழங்கும் இருக்காது, அடுத்த நடவுக்கு வெட்டி ஊனக் கம்பும் இருக்காது. நீ வக்கீல் ஆபீஸ்லதானே இருக்க மக்கா? கேட்டுச் சொல்லு."

நான் நெய்யாற்றின்கரையில் சதாசிவன் வக்கீலிடம் குமாஸ்தா மாதிரி இருந்தேன். 'மாதிரி' என்பதை அழுத்திப் படிக்கவும். சம்பளம் கிடையாது. வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"லைசென்ஸ் ஆளுக்குத்தான் கொடுப்பாங்க, வீட்டுக்கு இல்ல. வயசு வந்திருக்கணும். புத்தி தெளிவா இருக்கணும். அடிதடி, கலகம்னு கேஸ் இருக்கக்கூடாது. துப்பாக்கி எதுக்குன்னு ஒரு தேவை காட்டணும், பூட்டி வைக்க இடம் காட்டணும், கையாளத் தெரியணும். லைசென்ஸ்ல எழுதின எல்லைக்கு வெளிய கொண்டு போகக்கூடாது. லைசென்ஸ் இல்லாதவன் கையில ஒரு நிமிஷம்கூடக் கொடுக்கக்கூடாது. உங்க ஊர்ல கேஸ் இல்லாத ஆள் யாராவது இருக்காங்களா?"

நான் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் விஷயத்தைச் சொன்னதும் செல்லசாமி அண்ணன் கண்ணாடித் தம்ளரைத் தட்டென்று வைத்தார். "எலே விஜயதாஸு, அப்ப நீதாம்லே ஆளு. நீ எடு லைசென்ஸ்."

"தேவை காட்டணும் அண்ணே. எனக்கு விளை இல்லையே."

"உனக்கு விளையும் இல்ல, சம்பளமும் இல்ல, கேசும் இல்ல. பின்ன என்னதாம்லே உண்டு?"

"பி.ஏ. உண்டு" என்றார் ராபின்சன்.

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குத் துப்பாக்கிச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்துகிற பழக்கமும் உண்டு. அதை அங்கே சொல்லவில்லை.

மறுநாள் ஆபீஸில் சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மாமா, ராபின்சன், நான் என்று எங்களையே ஒவ்வொரு நிபந்தனையிலும் பொருத்திப் பொருத்திப் பார்த்துத் தோற்றுப்போனேன். பிறகுதான் கண்ணில் பட்டது. எல்லா இடத்திலும் 'ஆள்' என்றுதான் இருந்தது. ஆண் என்று எங்குமே இல்லை. வக்கீலிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றிவிட்டுச் சிரித்தார். "எழுதுடே மனுவை" என்றார்.

மாமி கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் அகப்பையோடு திரும்பினார்.

"நானா? துப்பாக்கியா? உனக்குக் கிறுக்கா மக்கா?"

"வயசு உண்டு. கேஸ் இல்ல. விளை உண்டு. பெட்டி பூட்டோட உண்டு. மருந்து கெட்டிக்கத் தெரியும். மாமி, எல்லாமே உங்களுக்கு உண்டு."

மாமா திண்டாடிப்போனார். "ஏட்டி, நீ சுட்டு எங்கயாவது பட்டுட்டா?"

"உம்மளவிட மோசமாச் சுட முடியாது" என்றார் மாமி. "அயினிமரம் பட்டுப்போச்சு உம்மால."

மனு போனது. இனி போலீஸ் வந்து ஊரில் விசாரிக்கும், ரிப்போர்ட் கலெக்டர் ஆபீசுக்குப் போகும், லைசென்ஸ் வரும். நான் நினைத்தது அவ்வளவுதான். எங்கள் ஊரை நான் மறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, வக்கீல் என்னைக் கூப்பிட்டார். "ஸ்டேஷன்ல விசாரிச்சேன். அப்படி ஒரு ஆளே அந்த ஊர்ல இல்லன்னு ஊரே சொல்லுதாம். திங்கட்கிழமை ரிப்போர்ட் மேல போகுது. போனா மனு தள்ளுபடியாகும்."

பஸ் பிடித்து ஓடி வந்தேன். டீக்கடையிலேயே ஆரம்பித்தேன். "ஏட்டு வந்து மாமியைப் பற்றிக் கேட்டாரா?"

"வந்தாரே. சைக்கிள்ல, வேர்த்து விறுவிறுத்து" என்றார் செல்லசாமி அண்ணன். "ராஜபாய் வீடு எதுண்ணு கேட்டாரு. அப்பிடி ஒரு ஆளு இஞ்ச இல்லண்ணு சொல்லிவிட்டேன்."

"எனக்கிட்டயும் கேட்டாரு. கேள்விப்பட்டதே இல்லண்ணேன்" என்றார் ராபின்சன்.

மாமா தலையைச் சொறிந்தார். "எனக்கிட்டயும் கேட்டாரு மக்கா. நானும் தெரியாதுண்ணுதான் சொன்னேன். அவரு சைக்கிள் வளைவு திரும்பின பிறகுதான் எனக்க பொண்டாட்டியாக்கும் எண்ணு ஓர்மை வந்தது."

கோபத்தோடு மாமியிடம் போனேன். மாமிதான் கோபப்பட வேண்டியவர். ஆனால் அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அவங்களக் குத்தம் சொல்லாத. நானும் காக்கியக் கண்டேன். அடுக்களையில ஏறிக் கதவச் சாத்திக்கிட்டேன்."

மேலே விளையில் ஏதோ கிளறுகிற சத்தம் கேட்டது. மாமி எழுந்தார்.

"ஆம்பிளைங்க போய்ச் சாட்சி சொன்னா அவங்க கேஸத்தான் நோண்டுவானுவ. நாளைக்கு ஆராதனை கழிஞ்சதும் நாங்க பெண்டுகள் போறோம். நீயும் வா. நீ கேஸ் இல்லாதவன்."

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சங்கம் முழுவதும் வெள்ளைச் சேலையும் பைபிளும் குடையுமாக ஆலயத்திலிருந்து நேராக ரோட்டில் இறங்கியது. செல்லசாமி அண்ணனின் மனைவி அம்மிணி அக்காவும் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். ஏற்ற ரோடு குறுகலானது, அதனால் தானாகவே வரிசை அமைந்தது. கடைசி ஆளாக நான்.

ஸ்டேஷனிலிருந்து பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. வளைவு திரும்பியதும் கேட்டை இழுத்துச் சாத்தினார்கள். மறுபடியும் போராட்டம் என்று பயந்து, உள்ளேயிருந்து ஏட்டு கிருஷ்ணன்குட்டி தொப்பியைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்தார்.

"எந்தா இது? ஞாயறாழ்சயும் சமரமோ?"

மாமி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சமரம் இல்ல சாரே. நீங்க தேடின அந்த இல்லாத ராஜபாய் நான்தான்."

ஏட்டு மேலும் கீழும் பார்த்தார். "அன்னு நிங்ஙள் எவிடெயாயிருந்நு?"

"அடுக்களையில."

"கதவடச்சது நிங்ஙளாணோ?"

"பழக்கதோஷம் சாரே."

அம்மிணி அக்கா முன்னால் வந்து மலையாளத்தில் பொழிந்துதள்ளினார். ராஜபாய் யார், எங்கே பிறந்தாள், எவரோடும் இதுவரை சண்டை போட்டதில்லை, தன்னோடு ஒரே ஒருமுறை கோழிக்காகப் போட்டதைத் தவிர. தீர்மானம் போட்ட நாளிலிருந்து எங்கள் ஊர் போலீசுக்குச் சொல்லாமல் வைத்திருந்த பேச்செல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது என்று தோன்றியது. ஏட்டால் எழுதி முடிக்க முடியவில்லை. கேட் திறந்தது.

தேவை என்ன என்று கேட்டார். மாமி கூடையிலிருந்து பன்றி கடித்த கிழங்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். பல் பதிந்திருந்தது. அதன்மேல் ஏட்டு கேள்வி கேட்கவில்லை.

"என்னாலும் பெண்ணுங்ஙள்க்கு தோக்கு..." என்று இழுத்தார். தோக்கு என்றால் துப்பாக்கி.

"சட்டத்தில் ஆள் என்றுதான் இருக்கிறது சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"தானாரா?"

"விஜயதாஸ், பி.ஏ."

"கேஸுண்டோ?"

"இல்லை."

ஏட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆ நாட்டில் கேஸில்லாத்த ஓராணுண்டோ!"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சாட்சிக் கையெழுத்து என்னிடம்தான் வாங்கினார். என் குறை முதல்முறையாக ஒருவருக்கு உதவியது. அது குறைதானா என்பதில் இன்னும் எனக்குச் சந்தேகம் உண்டு.

கடைசியாக, கையாளத் தெரியுமா என்று பார்க்க, மாமாவின் துப்பாக்கியைக் கொண்டு வந்து கையில் கொடுத்தார். மாமி வாங்கியதும் குழல்வாயை ஆளில்லாத சுவருக்குத் திருப்பினார். குச்சியை உள்ளே விட்டு அடிவரை போகிறதா என்று பார்த்தார். "காலி" என்றார். ஏட்டு தலையாட்டி எழுதிக்கொண்டு, துப்பாக்கியைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்தார்.

டிசம்பர் பிறந்தபோது லைசென்ஸ் வந்தது. மாமாவும் மாமியும் நானும் போய்த் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, பழைய போர்வையில் சுற்றி, மலை ஏறினோம். பாதி வழியில் மாமாவுக்கு மனசு கேட்கவில்லை.

"கனமா இருக்கும் ஏட்டி. இஞ்ச தா, நான் பிடிக்கேன்."

"தொடப்பிடாது! தொட்டா உமக்கு இன்னொரு கேசாக்கும்."

தூறல் போட்டது. மாமா குடையை விரித்து மாமிக்கும் துப்பாக்கிக்கும் மேலே பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடியே கூட நடந்தார். டீக்கடையிலிருந்து அதைப் பார்த்த ராபின்சன் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

அடுத்த விடியற்காலையில் மாமி விளையில் காத்திருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மாமா. அது மாமியின் உத்தரவு. நான் அயினி மரத்துக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு. நான்கைந்து பன்றிகள் வழக்கம்போலத் தைரியமாக இறங்கின. மாமி மூச்சடக்கிக் குறி பார்த்தார்.

"இப்ப ஏட்டி, இப்ப!" என்று மாமா கத்தினார். பன்றிகள் திரும்பின. அந்த நொடியில் வெடித்தது.

புகை விலகியபோது ஒன்று கிடந்தது. மற்றவை மேலே காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அயினி மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றே மிச்சமிருந்த கிழங்கில் ஒரு வரிசையைப் பிடுங்கினார்கள். விளையில் பாதியாவது தப்பியிருந்தது, நடவுக்குக் கம்பும் போதுமான அளவு கிடைத்தது. கறி ஊர் முழுக்கப் பங்கு போனது. மாமி ஒரு தூக்குப்பாத்திரத்தில் கிழங்கும் கறியும் வைத்து, "இது ஏட்டுக்கு" என்றபோது செல்லசாமி அண்ணன் குதித்தார்.

"போலீசுக்குப் பங்கா? தீர்மானம் என்ன ஆச்சு?"

"பேசப்பிடாதுண்ணுதான் தீர்மானம்" என்றார் மாமி. "கறி கொடுக்கப்பிடாதுண்ணு இல்லியே. விஜயதாஸு, நீ கொண்டு போ. ஒண்ணும் பேசாம கொடுத்திட்டு வா."

அப்படியே என்னை அருகில் இழுத்து, மெதுவாகக் கேட்டார். "மக்கா, நாம தமிழ்நாட்டோட சேந்தா இந்த லைசென்ஸ் செல்லுமா?"

"தெரியவில்லை மாமி."

"அப்ப இப்பவே படிச்சு வை."

ஸ்டேஷனில் ஏட்டு மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆரா வெடி வெச்சது?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லத்தான் வாய் போனது. அடக்கிக்கொண்டு, "ராஜபாய்" என்றேன்.

ஏட்டு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, முகத்தில் சிரிப்பே காட்டாமல், செல்லசாமி அண்ணன் அன்று சொன்னதையே திருப்பிக் கேட்டார்: "அங்ஙனெ ஓராளுண்டோ அவிடெ?"