அண்ணன் வண்டியும் என் காலும்

நடந்தால் உடம்புக்கு நல்லது என்று டாக்டரம்மா சொன்னார்கள். நல்லதாகவே இருக்கட்டும். நான் நடப்பது உடம்புக்காக இல்லை, என் பெரியப்பா மகன் மூஞ்சியில் கரி பூச. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது.

எங்கள் குப்பம் பழவேற்காட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் முன்னால் பானையில் சீட்டு எடுத்து முடிவு செய்வோம். சீட்டில் விழுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். எல்லாப் பாட்டிலும் ஏதோ கிடைக்கும், ஒன்றைத் தவிர. அது வடக்கே இருக்கிற சேற்றுப் பாடு. வலை போட்டால் பாசி வரும், செத்த நண்டு வரும், திட்டிக்கொண்டே வீட்டுக்கு வரலாம்.

முதலில் குப்பத்துத் தலைவர் ஒவ்வொரு குடும்பத்தையும் மூன்று தடவை கூப்பிடுவார். குடும்பத்து ஆண்பிள்ளை நேரில் நிற்க வேண்டும். பெண்டாட்டி வந்து நின்றாலும் செல்லாது, போனில் குரல் கொடுத்தாலும் செல்லாது. எவனாவது வராமல் போனால் சேற்றுப் பாடு அவன் தலையில் விழும். மற்றவர்கள் பயமில்லாமல் பானைக்குள் கை விடலாம். எல்லாரும் வந்துவிட்டால் சேற்றுச் சீட்டும் பானைக்குள் போய்விடும். அப்புறம் அவரவர் தலையெழுத்து.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சீட்டு நாள் காலையில் பழவேற்காட்டு மார்க்கெட்டில் மீனைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பத்து மணிக்குச் சீட்டு. பாலத்தில் ஏறும்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு அந்தப் பெரியப்பா மகன் அண்ணன் புது வண்டியில் வந்தான்.

"இன்னாடா, இந்த வெயில்ல நடந்துகினு போற? ஏறிக் குந்து."

குந்தினேன். அண்ணனாச்சே! கொஞ்ச தூரம் போனதும் வண்டியைத் திருப்பினான். "பெட்ரோல் கம்மியா கீது, போட்டுகினு போயிடலாம்" என்றான். மறுபடி பழவேற்காட்டுக்குள் வந்தோம். டீக்கடை வாசலில் என்னை இறக்கிவிட்டு, "நீ ஒரு டீ அடி. அஞ்சு நிமிஷம், தோ வந்துட்டேன்" என்றான்.

டீ அடித்தேன். இன்னொரு டீயும் அடித்தேன். இப்போது கிளம்பினால் அவன் திரும்பி வந்து தேடுவானே என்று உட்கார்ந்திருந்தேன் பாருங்கள், அந்த மடத்தனத்தை இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றும். அப்புறம் எழுந்து ஓடினேன். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். அண்ணன் சட்டைப் பையில் சீட்டை வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றிருந்தான்.

"நான் வந்து பாத்தேனே, நீ இல்லியே" என்றான். பச்சைப் பொய். அதோடு நிறுத்தாமல், "இவ்ளோ நேரத்துக்கு நீ நடந்தே வந்திருக்கலாம்டா" என்று சொல்லிச் சிரித்தான். கூட நின்றவர்களும் சிரித்தார்கள்.

அந்த வருஷம் முழுக்கச் சேற்றுப் பாடு. வலையில் ஒன்றும் விழாததால் என் சம்சாரம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்தாள். சிப்பி கிழித்து விரலெல்லாம் புண். சோறு பிசையும்போது எரியும். எரியும்போதெல்லாம், "அண்ணாரு வண்டியில சொகுசா குந்திகினு வந்தியே, துன்னு" என்பாள். நான் தின்றேன். இனி எந்த வண்டியிலும் குந்துவதில்லை, இவனை ஒருநாள் நடக்கவிட்டுப் பார்க்காமல் விடுவதில்லை என்று அந்தத் தட்டின் முன்னால்தான் முடிவு செய்தேன்.

அன்றிலிருந்து தினமும் மார்க்கெட்டுக்கு நடைதான். ஷேர் ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். கோடையில் ஏரித் தண்ணீர் வற்றி உள்வாங்கிவிடும். பாலம் இறங்கியதும் தார்ரோட்டை விட்டு, காய்ந்த ஏரி மேலேயே குறுக்கே போனால் குப்பத்துக்குப் பாதி தூரம்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் நடப்பேன். நடக்க நடக்கக் காலுக்குப் புத்தி வந்தது. சிப்பி கிடக்கும் இடம் கெட்டி. உப்புப் பூத்து வெள்ளையாக, அப்பளம் மாதிரி இருக்கும் இடம் கெட்டி மாதிரி இருக்கும், ஆனால் நம்பக்கூடாது. அமாவாசைக்குக் கடல் ஏறினால் அடியில் தண்ணீர் ஊறிக் களியாகிவிடும். மேலே ஒன்றும் தெரியாது. உள்ளங்காலுக்கு மட்டும் சில்லென்று தெரியும். வண்டியில் போகிறவனுக்கு இது எப்படித் தெரியும்?

போன வருஷம் சீட்டு நாள், அமாவாசைக்கு மறுநாளாக வந்தது. நான் பாலத்தை விட்டு இறங்கும்போது அண்ணன் வண்டியில் வந்து பக்கத்தில் நின்றான். மார்க்கெட்டில் பேரம் இழுத்துவிட்டதாம். முகமெல்லாம் வேர்வை.

"டேய், ரோட்டுல சுத்திகினு போனா லேட்டாயிடும். ஏரி மேல போலாமா? காஞ்சிருக்குதா?"

ஊரில் வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம், என்னிடம் போய்க் கேட்டான்! காய்ந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பொய் எனக்கு வராது. "உனக்கு இன்னாண்ணா, வண்டி கீது" என்று மட்டும் சொன்னேன்.

சர்ரென்று இறங்கினான். நேராக வெள்ளைத் தரைமேல் விட்டான். நான் சிப்பித் திட்டு பார்த்துப் பார்த்து வளைந்து நடந்தேன். பாதி வழியில் அவனைப் பார்த்தபோது பின்சக்கரம் பாதிக்குமேல் களிக்குள் இருந்தது. முறுக்க முறுக்கச் சேறு அவன் முதுகில்தான் அடித்தது. மெய்யாலுமே சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"தம்பி, கை குடுடா!"

ஒரு வருஷமாக நாக்கிலேயே வைத்திருந்ததை எடுத்து விட்டேன்.

"அஞ்சு நிமிஷம்ணா. தோ வந்துட்டேன்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கோயிலுக்குப் போனேன், கால் கழுவினேன், வரிசையில் நின்றேன். தலைவர் பெயர்களைக் கூப்பிட்டு வந்தார். என்னைக் கூப்பிட்டதும் கை தூக்கினேன். கடைசியில் அண்ணன் ஒருவன்தான் பாக்கி. முதல் தடவை கூப்பிட்டார், ஆள் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. என்னைப் பார்த்து, "வழில பாத்தியாப்பா?" என்றார்.

"வண்டியில வர்றாரு தலைவரே. வண்டிக்கு இன்னா, அஞ்சு நிமிஷம்" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. தலைவர் மூன்றாம் தடவை வாயைத் திறந்தார்.

"வந்துட்டேன்!"

தொடைவரை சேறு. செருப்பு இல்லை. வண்டி இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நேராக வரிசைக்குள் வந்து நின்றான். அவன் நடந்து வந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"களிய எப்படிய்யா தாண்டின?" என்று யாரோ கேட்டார்கள்.

"சிப்பித் திட்டுக்கு நடுவுல இவன் காலடி வெச்ச எடமெல்லாம் பள்ளம் பள்ளமா அப்டியே இருந்துச்சு. அதுலயே கால வெச்சிகினு வந்துட்டேன்" என்று என்னைக் காட்டினான். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, பாவி. நன்றியோடு சொன்னான்.

எல்லாரும் வந்தாயிற்று. சேற்றுச் சீட்டு பானைக்குள் போனது. தலைவர் பானையைக் குலுக்கினார். அண்ணன் கை விட்டு எடுத்தான், நடுவாந்திரமான பாடு. அடுத்து நான். சீட்டைப் பிரிப்பதற்கு முன்பே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. சேற்றுப் பாடு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சம்சாரம் மாடத்தில் இருந்த மஞ்சளை எடுத்து விரலில் பூசிக்கொண்டாள். அப்புறம், "நடந்ததுதான் நடந்த, அவனுக்கு வழி போட்டுகினேவா நடந்த?" என்றாள்.

இந்த வருஷச் சீட்டுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அண்ணன் இப்போதே என்னிடம், "சேர்ந்து நடந்தே போயிடலாம்டா" என்கிறான். நடக்கட்டும். நான் இந்தத் தடவை ஏரித் தண்ணீருக்குள் இறங்கி, முழங்காலளவில் நடக்கப்போகிறேன். அங்கே கால்தடம் நிற்காது.