அமத்து, பிடி, விடு

பிரேக் எண்ணெய் கையில் பட்டால் சவர்க்காரம் போட்டாலும் அந்த வழுவழுப்பு இலேசில் போகாது. எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ஒரு ஞாயிறு பகல் முழுவதும் அதன் மணம்தான் நின்றது. பூசை முடிந்து வந்த அப்பா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் பழைய ஜப்பான் காருக்கு அடியில் படுத்திருந்தார். துறைமுக அலுவலகத்தில் லிகிதராக இருந்த அவருக்கு, விழுந்து இடது முழங்கால் உடைந்த நாளிலிருந்து, கம்பியால் இழுபடும் அந்தக் கிளச்சை மிதிப்பது பெரும் பாடாகிவிட்டது. கிராண்ட்பாஸ் நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தால் அரை மணி நேரம் ஒருவரோடும் கதைக்க மாட்டார். வெள்ளவத்தைச் சின்ன மாமா காரை வாங்க ஆயத்தமாக இருந்தார். "இந்த ஞாயிறு சரிவந்தால் வைச்சிருப்பன், இல்லாட்டிக் குடுத்திடுவன்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன்.

அவர் செய்தது இதுதான்: கம்பியைக் கழற்றிவிட்டு, மிதியடியோடு ஒரு சிறிய பம்பும் கியர்ப்பெட்டியோடு இன்னொன்றும் பூட்டி, இடையில் குழாய் இழுத்து அந்தப் பிரேக் எண்ணெயை விட்டார். கால் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் கிளச்சைத் தள்ளும், பாரம் காலுக்கு அவ்வளவாகத் தெரியாது. எஞ்சியிருந்தது "எயார் எடுக்கிற" வேலை. குழாயில் கொஞ்சம் காற்று நின்றாலும் மிதியடி பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். அதனால் ஒருவர் மேலே மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே திருகாணியைத் திறந்து காற்றை வெளியேற்றி மூட வேண்டும்; மூடுமுன் மேலே இருப்பவர் காலை எடுத்தால் போன காற்று திரும்ப ஏறிவிடும்.

அந்த மேல் இடம் அக்காவுக்குக் கிடைத்தது.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அக்கா ஜெசிந்தா என்னைவிட மூன்று வயது மூத்தவள், நெடுங்காலி. கோயிலில் புதுநன்மை வாங்க அவளுக்குத் தைத்த உடுப்பைத்தான் பிறகு நானும் போட்டேன். பேலியகொடைக்கு மீன் வாங்கப் போனால் முன் சீட் அவளுக்கு, மீன் பையோடு பின் சீட் எனக்கு. இப்போது டிரைவர் சீட்டும் அவளுக்கா? "உன்ர கால் எட்டாது" என்று முடித்துவிட்ட அப்பா எனக்குத் தந்தது தூது சொல்லும் வேலை. மட்டக்குளி பஸ்களின் இரைச்சலில் அடியிலிருந்து அவர் சொல்வது அக்காவுக்குக் கேளாது. நான் குனிந்து கேட்டு, "அமத்து", "பிடி", "விடு" என்று கதவருகில் நின்று கத்த வேண்டும்.

கத்தினேன். அக்கா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, ஏதோ காலிமுகத்திடலுக்கே ஓடுகிறவள் மாதிரிக் கண்ணாடியில் முகம் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த தடவை, அப்பா "பிடி" என்று சொல்லித் திருகாணியைத் திறந்திருந்தபோதே, அவருக்குக் கேளாத குரலில் "விடு" என்றேன். அக்கா காலை எடுத்தாள்.

நாலைந்து தடவை அப்படிச் செய்திருப்பேன். எண்ணெய்ப் போத்தல் பாதிக்குமேல் காலியாகியும் மிதியடி இறுகவில்லை. அப்பா வெளியே வந்து முழங்காலைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தார்.

"மூடுறதுக்கு முதலே காலை எடுக்கிறாய், ஜெசி. எத்தினை தரம் சொல்றது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் போத்தலைப் பார்த்தேன்.

"இறங்கு பிள்ளை. நீ கார் ஓடச் சரிவரமாட்டாய். சின்னவள் ஏறட்டும்."

சீட்டில் இருந்தால் எட்டாத கால், எழுந்து நின்றால் எட்டியது. இப்போது தூது சொன்னவள் அக்கா. நான் செய்ததை அவளும் செய்வாள், மாமா வந்து காரைக் கொண்டு போவார் என்று ஒவ்வொரு "விடு"வுக்கும் பயந்தேன். அவள் ஒரு தடவைகூட முந்தவில்லை. கொஞ்ச நேரத்தில் என் காலுக்குக் கீழே மிதியடி இறுகியது. அப்பா காரை ஒழுங்கை முனைவரை ஓடிப் பார்த்துத் திரும்பி வந்து, "நோகேல்லை" என்று அம்மாவிடம் சொன்னார். கார் எங்களோடு நின்றது. பின்னாளில் அதில்தான் அப்பா எனக்கு ஓடப் பழக்கினார். அக்காவை அவர் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்தக் காரும் இல்லை, அப்பாவும் இல்லை. ஒழுங்கையில் காருக்கு அடியில் ஒருவர் படுக்க இன்று இடமும் இல்லை. என்னுடைய காரில் கிளச்சே கிடையாது. போன மாதம் அப்பாவின் ஆண்டுப் பூசைக்கு வெள்ளவத்தையிலிருந்து அக்காவை ஏற்றி வந்தேன். நான் வேகம் குறைக்கும்போதெல்லாம் முன் சீட்டில் அவளுடைய இடது கால், கிளச்சை மிதிப்பதுபோல, கீழே விரிப்பை அழுத்தியது. அதைக் கண்டபின் வாயை அடக்க முடியவில்லை.

"அண்டைக்கு நான்தான் முந்திச் சொன்னனான், அக்கா."

"தெரியும். மற்றதெல்லாம் ஒழுங்கை முழுக்கக் கேக்கக் கத்தினனீ. அதை மட்டும் மெல்லச் சொன்னனீ."

"ஏன் அப்பாவிட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னால் உனக்கு அடி விழும். அந்தக் கோவத்தில காரையும் குடுத்திருப்பார்." சீட் பட்டியை இழுத்து நேராக்கினாள். "எனக்கும் ஓடச் சரியான ஆசை இருந்தது."

இத்தனை வருடம் இதை மனதில் வைத்துக்கொண்டு, என் காரில் ஏறி, "நல்லா ஓடுறாய்" என்று சொல்லி வந்தவள். அழுகை வரவேண்டிய அந்த இடத்தில் இதிலும் மேல் இடம் அவளுக்கே என்று எனக்குப் பொறாமைதான் வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கொட்டாஞ்சேனைச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். பச்சை விழுந்து கார் நகர்ந்த பிறகும் அக்கா காலை எடுக்கவில்லை.