எதிர் வீட்டுப் பால் பை

மஞ்சக்குப்பத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு வயதான தம்பதி இருக்கிறார்கள். அங்கிள் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆன்ட்டிக்கு முழங்கால் வலி, சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் ஆட்டோ வைத்துக்கொண்டு போய் வருவார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். என் கணவருக்கும் வெளியூரில், சென்னையில்தான் வேலை; சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் இரண்டு வயது மகளும் மட்டும்.

போன மழைக்காலத்தில் அங்கிள் குளியலறையில் வழுக்கி விழுந்து அரை மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். ஆன்ட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம், அவர் கூப்பிட்டது கேட்கவில்லை. பெரிய அடி இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரமும் நான் எதிர் வீட்டில் சாவகாசமாக இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு என்னை விடவே இல்லை.

தினமும் போய் நலம் விசாரிக்கலாம்தான். அங்கிளுக்கு அது பிடிக்காது. கைத்தடி வாங்கி வந்த சொந்த மகனிடமே மூன்று நாள் பேசாமல் இருந்தவர். பல நாள் யோசித்து, கணவரின் கிழிந்த ஜீன்ஸ் பேண்டில் இரண்டு பைகள் தைத்தேன். பால் பாக்கெட்டைக் கீழே வைத்தால் காக்கை கொத்துகிறது என்று சொல்லி ஒன்றை எங்கள் கேட்டிலும் ஒன்றை அவர்கள் கேட்டிலும் மாட்டினேன். காக்கை கொத்தியது உண்மைதான், ஒரே ஒரு முறை. அவர்கள் கேட்டில் கொக்கி மாட்டிய இடம் என் சமையலறை ஜன்னலுக்கு நேராக இருந்தது. பால் ஐந்தரைக்கு வரும். ஆறரைக்குள் பை உள்ளே போய்விட்டால் இருவரும் எழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம். போகாவிட்டால் நான் போய்க் கதவைத் தட்ட வேண்டும். இந்தக் கணக்கை அவர்களிடம் சொல்லவில்லை.

சொல்லாதது சரியா என்றும் உறுத்தியது. ஒருவர் வீட்டை அவருக்குத் தெரியாமல் கவனிப்பது ஒருவித வேவுதானே. கணவரிடம் கேட்டேன். “எல்லாரும் கேமரா வெப்பாங்க, நீ என் பேண்ட்ட வெச்சிருக்க” என்று சிரித்தார். அது பதிலாக இல்லை.

இப்படி நாலைந்து மாதம் போனது. சிதம்பரத்தில் என் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். எட்டரை மணிக்குள் நான் அங்கே இருக்க வேண்டும். எதிர் வீட்டில் சொல்லிக்கொள்ளவில்லை. முன்பு ஒருமுறை ஊருக்குப் போகிறேன் என்று சொன்னதற்கு, ஆன்ட்டி அந்த முழங்காலோடு நாலு மணிக்கே எழுந்து எலுமிச்சைச் சாதம் கிளறிக் கட்டிக்கொடுத்தார். திரும்பவும் அவரை நிற்க வைக்க வேண்டாம் என்று, ஐந்தேகாலுக்கே சத்தமில்லாமல் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆளில்லாத வீடு என்று தெரியக்கூடாது என்பதற்காக எப்போதும்போல் கம்பிக்குள் கைவிட்டு, கேட்டின் பூட்டை உள்பக்கமாகப் பூட்டினேன்.

பஸ்ஸில் மகள் தூங்கிவிட்டாள். அவள் எழுந்துவிடக் கூடாதென்று போனைச் சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வைத்திருந்தேன். புதுச்சத்திரம் தாண்டியபின் மணி பார்க்க எடுத்தேன். ஏழாகப் போகிறது. ஆன்ட்டி எண்ணிலிருந்து ஒன்பது தவறிய அழைப்புகள்.

அவர்களாக எனக்குப் போன் செய்ததே கிடையாது. உடனே அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்ப அழைத்தேன், மறுபடியும் அப்படியே. அங்கிள் மறுபடி விழுந்திருக்கிறார், ஆன்ட்டி ஒன்பது தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறார், இப்போது போனை எடுக்கக்கூட ஆள் இல்லை என்றே தோன்றியது. ஜன்னல் பக்கம் நான் இல்லாத ஒரே நாள் இதுதான். இறங்கித் திரும்பிப் போவதா, அங்கே காத்திருக்கும் அப்பாவிடம் போவதா என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணன் ஞாபகம் வந்தது. அவரை அழைத்து, எதிர் வீட்டுக் கேட்டில் பை தொங்குகிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

“பையெல்லாம் இல்லக்கா. ஆனா இங்க ஒரே கூட்டமா இருக்குது.”

அங்கிள் வீட்டு முன்னாடியா என்று கேட்டேன்.

“இல்லக்கா, உங்க வீட்டு முன்னாடி. பெரியவரு பூட்ட ஒடைக்கணும்னு சுத்தியல் கேட்டுனு நிக்கறாரு. நீங்க உள்ள இல்லியா?”

நான் பதில் சொல்வதற்குள் போன் கைமாறியது. அங்கிளின் மூச்சு வாங்குவது கேட்டது.

“எங்க இருக்க?”

பஸ்ஸில் என்றேன்.

“கொழந்த?”

“மடியில தூங்குறா அங்கிள்.”

“ஆறர தாண்டியும் உன் பை அப்புடியே தொங்குது. பூட்டு உள்பக்கம் பூட்டிருக்குது. நாங்க இன்னான்னு நெனைக்கறது?” என்றார். போனை இஸ்திரி அண்ணனிடமே கொடுத்துவிட்டார். ஆன்ட்டியின் போன் அவர்கள் வீட்டு மேசைமேல் அடித்துக்கொண்டிருக்க, அவர்கள் இருவரும் என் கேட்டைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பி.முட்லூர் வரும்வரை நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். பக்கத்து இருக்கை அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இரண்டு நாள் கழித்துத் திரும்பியதும் முதலில் எதிர் வீட்டுக்குத்தான் போனேன். என் பால் பாக்கெட்டுகள் அவர்கள் ஃபிரிட்ஜில் இருந்தன. ஆன்ட்டி என்னை உட்காரச் சொல்லவில்லை.

“காக்காவாம், காக்கா. எங்க வாசப்படிலேருந்து எட்டடி தள்ளி, உன் ஜன்னலுக்கு நேரா ஒரு கொக்கி. அன்னிக்கே தெரியும்டி எனக்கு.”

“அப்ப ஏன் ஆன்ட்டி சொல்லல?”

“நீ எங்கள பாக்குற, நாங்க உன்ன பாக்குறோம். கொழந்தைய வெச்சிக்கினு தனியா இருக்கற. இதுல சொல்றதுக்கு இன்னா இருக்குது? நீ எடுக்கறதுக்கு முன்ன எடுத்துடணும்னு இவுரு அஞ்சரைக்கே முழிச்சிக்குறாரு. எனக்குத்தான் தூக்கம் போவுது.”

அங்கிள் பேப்பரை இறக்காமலே, இனிமேல் ஊருக்குப் போனால் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். எலுமிச்சைச் சாதம் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னார். இத்தனை மாதமாக இது வேவா, உதவியா என்று நான் குழம்பியதெல்லாம் அந்த ஹாலில் நின்றபடியே கரைந்துபோனது.

கிளம்பும்போது, கொக்கியைக் கழற்றி அவர்கள் படிக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடட்டுமா, எட்டடி நடக்க வேண்டாமே என்று கேட்டேன்.

“அங்க மாட்டினா உனக்கு தெரியாது” என்றார் அங்கிள். “இருக்கற எடத்துலயே இருக்கட்டும்.”