நிமிர்த்தி மாட்டிய மூன்று படகுகள்

போன ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்குப் போய்விட்டு வீட்டுக்குள் நுழைகிறேன். ஹால் சுவரில் கடல் சரிந்து கிடக்கிறது.

கடல் என்றால் படத்தில் இருக்கும் கடல். மூன்று ஃபிரேம். மூன்றும் மூன்று விதமாகக் கோணிக்கொண்டிருக்க, பக்கத்தில் என் கணவர் டிரில்லிங் மெஷினும் கையுமாக... பெருமையோடு நிற்கிறார்!

முதலில் அந்தப் படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தவை. அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சீமான்கள் நடத்திய பாய்மரப் படகுப் பந்தயம். போட்டோ இல்லை, தகட்டில் கோடு கோடாகக் கீறி அச்சடித்த படங்களின் பிரதி. ஒவ்வோர் அலையையும் யாரோ மெனக்கெட்டுக் கீறியிருக்கிறார். படகுகள் எல்லாம் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து பறக்கின்றன. பார்த்த பிறகு கடையை விட்டுக் கிளம்ப மனசே வரவில்லை.

ஃபிரேம் போடக் கொடுத்தால், பாகலூர் ரோட்டுக் கடைக்காரர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஹாலுக்கா மேடம்? ஏழு குதிரை ஓடற படம் இருக்குது. எல்லாரும் அதான் மாட்றாங்க, வாஸ்துக்கும் நல்லது. இத யாரு கேக்கறாங்க?”

நான் கேட்கிறேன் ஐயா! தூத்துக்குடியில் பிறந்து, ஓசூரில் பத்தொன்பது வருடமாகக் குப்பை கொட்டும் நான் கேட்கிறேன். இங்கே குளிர் இருக்கிறது, ரோஜா இருக்கிறது, மூன்று ஷிப்டும் ஓடும் கம்பெனிகள் இருக்கின்றன. கடல்தான் இல்லை. உப்புக் காற்று முகத்தில் பட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

இனி கணவருக்கு வருவோம். பக்கத்துக் கெலமங்கலத்துக்காரர், விவசாயக் குடும்பம். கம்பெனியில் அவர் வேலையே புது மெஷின்களை இறக்கி, ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டம் பார்த்து நிறுத்துவதுதான். மெஷின் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் தூக்கம் வராது. வீட்டில் டைனிங் டேபிள் காலுக்கு அட்டை மடித்து வைப்பார். இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கிறாரா? இருந்தால் ஆணி அடிக்கும்போது கூடவே நில்லுங்கள்.

“என்னங்க இது? படத்த இப்படிக் கோணலா மாட்டி வச்சிருக்கீங்க?”

“கோணலா? நல்லா பாரு. ஃபிரேம் போட்டவன்தான் படத்த சாச்சி வெட்டிட்டான். மூணுலயும் கம்பம் சாஞ்சி இருந்துச்சி. கம்பத்துமேல ஸ்பிரிட் லெவல் வெச்சி நேரா நிமித்திட்டன். இப்ப பாரு, பபுள் சென்டர்ல நிக்குது!”

பார்த்தேன். பாய்மரங்கள் கொடிக்கம்பம் மாதிரி விறைத்து நின்றன. கடல் சோபா பக்கம் வழிந்துகொண்டிருந்தது. ஃபிரேம் அசையக் கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆங்கர் போல்ட் வேறு!

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

“காத்துல ஓடுற படகு சாஞ்சுதாங்க போகும்.”

“சாஞ்சா கவுந்துடாதா?”

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். என் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

இந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே படகு ஒகேனக்கல் பரிசல். வட்டமாகச் சுற்றும் பரிசலில் சாய்வைக் கண்டாரா? தூத்துக்குடிக்கு வந்திருக்கிறார்தான் — கல்யாணம், காதுகுத்து, கடைசியாக என் அம்மாவின் காரியம். காலையில் இறங்கினால் சாயங்காலம் ரயில். லீவு கிடைக்காது. கடற்கரை மூன்று தெரு தள்ளித்தான். கடலைப் பார்க்கணும் என்று ஒரு நாளாவது கேட்டாரா என்று மனசுக்குள் குறைப்பட்டுக்கொண்டே இருந்தேன். நான் ஒரு நாளாவது கூப்பிட்டேனா?

அம்மா இருந்தது வாடகை வீடு. காரியம் முடிந்ததும், நான் மட்டும் ஒரு நாள் கூடுதலாக இருந்து, சாவியை ஹவுஸ் ஓனர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அதோடு சரி. ‘எப்ப வர்ற?’ என்று கேட்க அங்கே ஆளில்லை. மைசூரிலிருந்து வரும் தூத்துக்குடி ரயில் ஓசூர் வழியாகத்தான் போகிறது. ஸ்டேஷனில் அந்தப் போர்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏறி, யார் வீட்டில் போய் இறங்குவது? பிறந்த ஊருக்குப் போகக் காரணம் தேட வேண்டியிருக்கிறது... கொடுமை இல்லையா?

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். காய்கறிப் பையைக் கீழே வைக்காமல், நின்ற இடத்திலேயே சொன்னேன். கொஞ்சம் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் ஸ்பிரிட் லெவலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

“படகு பாக்கப் போலாம். அது ஒரு காரணம் ஆவாதா?”

“இப்பல்லாம் மோட்டார் போட்டுட்டாங்க. பாய் விரிச்ச படகு இருக்கோ என்னவோ...”

“கடலு இருக்கும் இல்ல?”

காய்கறிப் பையை அப்போதுதான் கீழே வைத்தேன்.

அடுத்த மாதம் ரயிலில் இரண்டு டிக்கெட். மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு படங்களைக் கழற்றி ஒழுங்காகவும் மாட்டிவிட்டார். மூன்றாவதில் கைவைக்க நான் விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “அந்த ஒண்ணு மட்டும் கோணலா இருக்குதே” என்கிறார்கள்.

இருக்கட்டும். கடலைப் பார்த்துவிட்டு வந்து அவரே சரியாக மாட்டட்டும்!