குளியலறையில் ஏறிய எடை

அடையாறில் குழந்தைகள் டாக்டரின் கிளினிக்கில், வெள்ளைத் தட்டில் கிடந்து என் மகள் வீல் வீலென்று கத்திக்கொண்டிருக்க, நர்ஸ் எடையை ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பிறந்தபோது இரண்டு கிலோ எழுநூறு, நாற்பது நாள் கழித்து மூன்று கிலோ. வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி என் நெஞ்சைப் பார்த்தார்கள். பால் போதவில்லை, போதவில்லை என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, எவ்வளவு போதவில்லை என்று யாராவது அளந்து பார்த்தார்களா? நான் அளப்பேன். அவ்வளவுதான் யோசனை.

பேய், பிசாசு, கண் படுவது எதையும் நான் நம்பினதில்லை. படித்தது புள்ளியியல், பார்ப்பது சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை, பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் வேப்பிலை செருகினதற்கே சண்டை போட்டவள். இதைப் படித்துவிட்டு, "பச்சை உடம்பு, தூக்கமில்லை, எங்கேயோ தப்பாகக் குறித்திருப்பாள்" என்று நீங்கள் சொல்லலாம். தாராளமாகச் சொல்லுங்கள். நானும் முதல் மூன்று நாள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு மந்தைவெளியில், இரண்டாவது மாடி, வாடகை. எனக்கு அம்மா இல்லை, அதனால் பிள்ளைப்பேறு பார்க்க மாமியார்தான் வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம், தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கிற குடும்பம். அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் நொச்சிக்குப்பத்துக்கு ஆள் அனுப்பிப் பால் ஊறும் என்று பால்சுறா மீன் வாங்கி, புட்டு செய்து, தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "இதுக்கும் ஊறலன்னா நான் என்ன செய்ய? எனக்கெல்லாம் சேலை நனைஞ்சு போகும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சுறாவை விழுங்கிய விதம் எனக்குத்தான் தெரியும்.

அளப்பது என்று முடிவு செய்தேன் இல்லையா, அங்கேதான் என் முட்டாள்தனம். தினமும் காலையில் பம்ப் வைத்துப் பால் எடுத்து, எத்தனை மில்லி என்று எக்செல்லில் குறித்தேன். அதோடு விட்டிருக்கலாம். பாலைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் கொழுப்பு மேலே திரளும், அதன் கனத்தைப் பார்த்தால் பாலில் சத்து எவ்வளவு என்று தெரியும் என்று எங்கோ படித்தேன். உடனே ஒரு கண்ணாடிக் குழாய் வாங்கினேன். ஐந்தாறு மணி நேரம் மேஜைமேல் வைத்து, ஸ்கேலால் அளந்து, படம் எடுத்து, அதற்குள் பால் கெட்டுப்போயிருக்குமே என்று குளியலறைச் சாக்கடை ஓட்டையில் ஊற்றிவிடுவேன். என் குழந்தைக்குப் போதாத பாலை, போதவில்லை என்று நிரூபிப்பதற்காக, பதினோரு நாள் ஊற்றினேன். இதை எழுதும்போதே என்னை நாலு சாத்தலாம் போல இருக்கிறது.

செல்வி அக்கா அதைப் பார்த்துவிட்டார். பாப்பாவைக் குளிப்பாட்ட வருகிறவர். முன்பு ஆற்றோரத்தில் குடியிருந்தவரை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள், தினமும் இரண்டு பஸ் பிடித்து வந்துவிடுவார்.

"இன்னாம்மா இது, சாக்கடைல ஊத்திக்கினு கீற? தாய்ப்பாலு கால் படற எடத்துல விழக்கூடாது. மிஞ்சினா செடிக்கு ஊத்து, இல்ல செவுத்துல பீச்சி வுடு."

"கெட்டுப்போன பால்க்கா."

"கெட்டுப் போவட்டுமே. அது போற எடத்துல யாரு கீறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

நான் சிரித்தேன். "கூவம்தான் இருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த முறை கிளினிக்கில் வெறும் அறுபது கிராம்தான் ஏறியிருந்தது. டாக்டர் என் எக்செல்லைப் பார்க்கவே இல்லை. "பவுடர் பாலும் சேர்த்துக் கொடுங்க. பத்து நாள் பார்ப்போம், ஏறலைன்னா அட்மிஷன்" என்றார். பவுடர் பாலைக் கரைத்துப் பாலாடையில் ஊட்டினால் பாப்பா பாதிக்கு மேல் துப்பினாள். நான் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, தி.நகரில் ஒரு சர்ஜிகல் கடையில் குழந்தைகளுக்கான எடை மெஷினை வாடகைக்கு எடுத்தேன். ஐந்து கிராம் வரை துல்லியமாகக் காட்டும். குடிக்கும் முன் ஒரு எடை, குடித்த பின் ஒரு எடை, வித்தியாசம்தான் உள்ளே போன பால்.

குளித்ததும் பாப்பாவுக்குப் பசிக்கும் என்பதால் குளிக்கும் முன் ஒரு எடை, குளித்து வந்து பால் கொடுக்கும் முன் ஒரு எடை என்று பார்த்தேன். முதல் நாளே உதைத்தது. குளிக்கப் போகும்போது இருந்ததைவிடக் குளித்து வந்த பின் முப்பத்தைந்து கிராம் கூட. ஈரமாக இருக்கும் என்று நன்றாகத் துவட்டிவிட்டு மறுபடி வைத்தேன், அதே முப்பத்தைந்து. மெஷின் கோளாறு என்று ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை வைத்தேன், சரியாக ஒரு கிலோ. மறுநாள் இருபது கிராம். மூன்றாம் நாள் நாற்பது. அன்றைக்கு பாப்பா ஏப்பம் விட்டாள், கடைவாயில் வெள்ளையாக ஒரு கோடு வழிந்தது. முகர்ந்து பார்த்தேன். பால்.

செல்வி அக்கா குளிப்பாட்டும்போது கதவைச் சாத்திக்கொள்வார். நான் கேட்டுவிட்டேன்.

"அக்கா, உள்ள பாப்பாவுக்கு என்ன குடுக்கறீங்க?"

"தண்ணி ஊத்தறேன். வேற இன்னாத்த குடுப்பாங்க?"

"பால் குடுக்கறீங்களா?"

அவர் முதலில் சிரித்துவிட்டார். "என் கடைசிப் பையன் பத்தாவது படிக்கிறான். என்னாண்ட ஏதும்மா பாலு?" பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நிசமாத்தான் கேக்கறியா?"

"அப்புறம் ஏன் கதவைச் சாத்தறீங்க?"

"காத்து பட்டா சளி புடிக்கும்னு. இந்தத் தெருவுல எத்தினி புள்ளைங்களக் குளிப்பாட்டிக்கீறேன், ஒருத்தரும் என்னை இப்டி கேட்டதில்ல." துண்டை உதறி, நாலாக மடித்து, எடை மெஷின்மேல் வைத்தார். "நீ அளந்துக்கினே இரு." அவ்வளவுதான். போய்விட்டார்.

நாலாம் நாள் அவர் வரவில்லை, நானே குளிப்பாட்டினேன். கதவைத் திறந்தே வைத்து, பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து, பாப்பாவைக் காலில் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றினேன். குளியலறையில் நானும் அவளும்தான், பகல் பதினோரு மணி, ஜன்னல் வழியாக வெயில், கீழே காய்கறிக்காரர் கத்திக்கொண்டு போகிறார், பயப்பட எதுவுமே இல்லை. திருப்பிப் போட்டபோது பாப்பா என்னைப் பார்க்கவில்லை. தலையை மூலைப்பக்கம், அந்தச் சாக்கடை மூடிப்பக்கம் திருப்பி, உதட்டைக் குவித்து, சப்பினாள். சப்பி, விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள். துவட்டி மெஷினில் வைத்தேன். இருபத்தைந்து கிராம் கூட.

அலறியிருக்க வேண்டும், இல்லையா? நான் அலறவில்லை. குறித்துக்கொண்டேன்.

என் கணவர் கார்த்தியிடம் சொன்னேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏறுதுல்ல, விடேன்" என்றார். "எங்கேர்ந்து ஏறினா என்ன?"

பத்தாம் நாள் கிளினிக். முந்நூற்று நாற்பது கிராம் ஏறியிருந்தது. குடித்ததெல்லாம் அப்படியே எடையாகத் தங்காது என்று எனக்கும் தெரியும், தங்கியிருந்தது. "பார்த்தீங்களா, பவுடர் பால் வேலை செய்யுது" என்றார் டாக்டர். ஆட்டோவில் வரும்போது, "எல்லாம் சுறாப்புட்டு" என்றார் அத்தை. அன்றைக்குத்தான் முதல்முறையாக என் தலையைத் தடவிக்கொடுத்தார். என்னுடையதில்லாத ஒன்றுக்குக் கிடைத்த பாராட்டு.

அன்று மாலை எக்செல்லைத் திறந்தபோதுதான் அந்த இரண்டு பத்தியும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. ஒன்றில், நான் சாக்கடையில் ஊற்றிய பால், நாள்வாரியாக, மில்லியில். இன்னொன்றில், குளியலறையில் ஏறிய எடை, நாள்வாரியாக, கிராமில். முப்பத்தைந்து, இருபது, நாற்பது, இருபத்தைந்து, நாற்பத்தைந்து... பத்து வரிசையும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தின. ஒரு எண்கூட மாறவில்லை, ஊற்றிய பத்தியில் பதினோராவது வரிசை மட்டும் பாக்கி. முன்பின் தெரியாத எவரோ, நான் கொட்டியதை வாங்கி வைத்திருந்து, அதே வரிசையில் திருப்பி ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

செல்வி அக்காவுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். நடந்ததைச் சொல்லி, "யாருக்கா அது?" என்று கேட்டேன். பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"யாருக்கு ஊத்தினியோ அவங்களாண்ட கேளு. என்னாண்ட கேக்காத" என்று வைத்துவிட்டார்.

நேற்று பதினோராவது நாள். கடைசி வரிசை, பதினைந்து. குளியலறையில் பாப்பா மூலையைத் திரும்பிப் பார்த்து, வாயைச் சப்பி, பிறகு சிரித்தாள். தூக்கத்தில் உதடு சுழிப்பாளே, அது இல்லை. ஒரு முகத்தைப் பார்த்து, தெரிந்த முகம் என்று சிரிக்கிற சிரிப்பு. அவளுடைய முதல் சிரிப்பு. என்னைப் பார்த்து இன்றுவரை சிரிக்கவில்லை. வேறு எதற்கும் நான் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வேன், அந்தச் சிரிப்புக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

இன்று குளிப்பாட்டினேன். மூலையைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஒன்றும் வரவில்லை. எடை ஏறவில்லை. பிறகு அரை மணி நேரம் அழுதாள்.

அடுத்த வாரம் டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். இதே மாதிரி ஏறிக்கொண்டே போக வேண்டுமாம். அதனால் நாளை காலை ஒன்று செய்து பார்க்கப் போகிறேன். அத்தை பால் வாங்கக் கீழே இறங்கியதும், எடுத்து வைத்திருக்கிற பால் முழுவதையும், கெடுவதற்குக் காத்திருக்காமல், அப்படியே, அந்த மூலையில் ஊற்றுவேன். எவ்வளவு ஊற்றினால் எவ்வளவு வரும் என்றுதான் எனக்குத் தெரியுமே, குறைவாக ஊற்றி என்ன பயன்?

இதை ஒரு கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னொரு கையில் பம்ப். பாப்பா பசிக்கு அழ ஆரம்பித்துவிட்டாள். அழட்டும், பாட்டில் இன்னும் நிறையவில்லை.