நண்டுக்குப் பார்த்த ஜாதகம்

நண்டு தின்றால் எனக்கு மூஞ்சி வீங்கும். இறால் என்றாலும் அதேதான். முதலில் உதடு தடிக்கும், அப்புறம் கண் இடுங்கிப் போகும், அதற்கப்புறம் மூச்சு விசிலடிக்கும். வீங்காத நாளில் பெரிய அழகன் என்று நினைத்துவிட வேண்டாம். வீங்கினால்தான் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறேன் என்று சொன்னவர்களும் உண்டு.

இதை எல்லோரும் நம்பினார்கள். என் மாமியார் மட்டும் நம்பவில்லை.

அவர் ஊரான வலையபட்டியில் அத்தை நண்டுக் குழம்பு வைத்தால் அடுத்த தெருவிலிருந்து கிண்ணத்தோடு ஆள் வரும். அந்தக் குழம்பை வீட்டு மாப்பிள்ளையே தொடவில்லை என்றால், மாப்பிள்ளைக்குக் கோளாறு என்றா பேசுவார்கள்? குழம்பில் கோளாறு என்றுதான் பேசுவார்கள். இத்தனைக்கும் நான் முறுக்கிக்கொண்டு உட்காரும் அளவுக்குப் பெரிய ஆளும் இல்லை. தச்சு வேலைக் குடும்பத்தில் பிறந்தும் உளி பிடிக்கத் தெரியாதவன். நான் செய்த கதவு மூடாது, மூடினால் திறக்காது. அதனால்தான் காரைக்குடியில் ஆட்டோ ஓட்டுகிறேன். அதற்குக் கதவே கிடையாது.

"ஏன் மாப்ளே, என் கையால தின்னாத்தான் வீங்குமாக்கும்?" என்பார் அத்தை.

"எங்க தின்னாலும் வீங்கும் அத்தே."

"எங்க தின்னீக? நான் பாக்கலையே!"

என் மனைவியின் தம்பி ஒருவன் இருக்கிறான். கரண்டு வேலை பார்க்கிறவன், மற்ற நேரமெல்லாம் போனில் வைத்தியம் பார்க்கிறவன். அவன்தான் ஒருநாள் பற்ற வைத்தான். "எல்லாம் மனசுதான் மச்சான். தெரியாமத் தின்னா ஒண்ணும் செய்யாது. போன்ல ஒரு டாக்டரு சொன்னாரு."

நான் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். அத்தை மறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கத்திரிக்காய் வறுவல் வைத்தார். எதிரில் உட்கார்ந்து, நான் ஒவ்வொரு வாய் வைப்பதையும் கண் கொட்டாமல் பார்த்தார். பாசம் என்று நினைத்தேன். மாமியார் அப்படிப் பார்த்தால் அது பாசம் என்று நினைக்கிறவன் எத்தனாவது படித்திருப்பான் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். கருவாட்டு வாசம் வேறு வந்தது. பக்கத்து வீட்டில் வறுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வறுவல் கேட்டு வாங்கினேன்.

வறுவலில் கூனிக் கருவாட்டைப் பொடித்துப் போட்டிருந்தார். கூனி என்றால் பொடிப்பொடி இறால். ஆள் சின்னதாக இருந்தாலும் அண்ணன் செய்கிற வேலையைத் தம்பியும் செய்யும்.

என் ஆட்டோவிலேயே என்னைப் பின்னால் போட்டுக்கொண்டு மச்சினன் காரைக்குடிக்கு ஓட்டினான். ஊசி போட்ட டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்றார். மச்சினன் அதைக் கேட்டு வெளியே போய் ஒரு டீ குடித்தான்.

வலையபட்டிக்குத் திரும்பியதும் அத்தை ஒன்றையும் மறைக்கவில்லை. "ஒரு சிட்டிகைதான் மாப்ளே போட்டேன். தப்பு எங்க நடந்துருச்சுன்னா, கத்திரிக்காயே அரிப்புக் காயி. அதை நான் நெனைக்கல. அடுத்த வாட்டி வாழைக்காயில போட்டுப் பாப்போம்."

அடுத்த வாட்டிக்கு நான் உயிரோடு இருக்க வேண்டுமே! மாமியார் வீட்டில் கைநனைக்காமல் இருக்க முடியாது. நனைத்தால் எந்தக் காயில் என்ன கிடக்கும் என்று தெரியாது. என் மனைவியிடம் சொன்னேன். "எங்கம்மா என்ன வெசமா வச்சாக?" என்றாள். விஷம் என்றால் போலீஸாவது நம்பும்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு பெண் என் ஆட்டோவில் ஏறினாள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. கையில் இருந்த ஐஸ் பெட்டிக்குள் தொண்டிக் கடல் நண்டு.

"வீட்ல விசேசமா தாயி?"

"இல்லண்ணே, லேபுக்கு. எது ஆளுக்கு அலர்ஜி பண்ணுதுன்னு பாக்குறோம்."

"அதுக்கு எதுக்கு நண்டு? என்னையப் பாரு."

அன்றைக்குத்தான் என் வீங்கிய மூஞ்சியைப் பற்றிக் கேட்டு ஒரு ஜீவன் சந்தோஷப்பட்டது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி எல்லாவற்றையும் விசாரித்தது. நண்டின் மரபணு மொத்தத்தையும் எழுத்து எழுத்தாகப் படிப்பார்களாம். அதில் எந்தெந்தப் புரதம் வம்பு பண்ணும் என்று பொறுக்கி எடுத்து, வீங்குகிறவர்களின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்ப்பார்களாம். எது ரத்தத்தோடு ஒட்டுகிறதோ அதுதான் திருடன்.

"நண்டோட ஜாதகம் பாக்குறோம்னு வச்சுக்கங்களேன்."

என் ஜாதகத்தையே ஒருத்தரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வலையபட்டிப் பக்கம் தலை வைத்திருக்க மாட்டேன். அந்த ஆராய்ச்சிக்கென்று ஆஸ்பத்திரியில் டாக்டரை வைத்து என் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

பல மாதம் கழித்து அந்தப் பிள்ளை கூப்பிட்டது. என் ரத்தம் நண்டின் சதையில் இருக்கிற ஒரு புரதத்தைக் கண்டதும் பாய்ந்து பிடிக்கிறதாம். அதே புரதம் கொஞ்சம் சாயல் மாறி இறாலிலும் கூனியிலும் இருக்கிறதாம்.

"தாயி, நான் சொன்னா எங்க வீட்ல எடுபடாது. எங்க அத்தைகிட்ட நீயே ஒரு வார்த்தை சொல்லிரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை வலையபட்டி நடுக்கூடத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்தேன். அந்தப் பிள்ளை 'மரபணு' என்று ஆரம்பித்ததுதான் தாமதம், மச்சினன் எழுந்துவிட்டான்.

"பாத்தியாம்மா? பரம்பரை வியாதி! மறச்சுக் கட்டிட்டாக!"

"அண்ணே, நாங்க படிச்சது அவரு மரபணு இல்ல. நண்டோடது," என்றது போன்.

"நண்டுக்குப் பரம்பரை வியாதியா?"

"நீ சும்மா இர்றா," என்று அத்தை போன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "ஏத்தா, மஞ்சப் போட்டு அலசுனா அது போயிராதா?"

"போகாதும்மா."

"நல்லாக் கொதிக்க விட்டா?"

"வெந்தாலும் அது அப்படியேதான் இருக்கும்."

"மொளகு தூக்கலாப் போட்டா?"

"காரம் ஏறும். வேற ஒண்ணும் ஆகாது."

அத்தை குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்ப... என் கைப்பக்குவத்துல கொறை ஒண்ணும் இல்ல?"

"உங்க பக்குவத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. யாரு சமைச்சாலும் அவருக்கு ஆகாது. ஒரு துளிகூட ஆகாது. உயிருக்கே ஆபத்து."

இதே புரதம் கரப்பான் பூச்சியிலும் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை சேர்த்துச் சொன்னது. "எங்க அடுப்படியில கரப்பான் பூச்சியே கெடையாது!" என்று அத்தை போனுக்கே ஒரு அதட்டல் போட்டார். மற்றபடி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது: குழம்பில் குறை இல்லை, லேபிலேயே சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை பிழைத்த கதை அந்தச் செய்தியில் எங்கேயும் வரவில்லை.

ஆனால் நம்பிவிட்டார். அதுதானே எனக்கு வேண்டியது? ஆசைப்பட்டது கிடைத்தால் என்ன ஆகும் என்பதை மச்சினன் பிள்ளையின் காதுகுத்தில் பார்த்தேன்.

அவன் மாமனார் ஊரான நேமத்தான்பட்டியில் பந்தி. என் இலைக்குப் பின்னால் அத்தை காவலுக்கு நின்றார். கறிக்குழம்பு வந்தது.

"ஊத்தாத! அந்தக் கரண்டி நண்டுச் சட்டிக்குள்ள கெடந்துச்சு, நான் பாத்தேன்."

ரசம் வந்தது.

"அங்குட்டுக் கொண்டு போ. நண்டுச் சட்டி மூடிய எடுத்து இதுல மூடியிருக்காக."

பக்கத்து இலைக்காரர் நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "அப்ப அவுக என்னதான் திங்கிறது?"

"கொதிக்க வச்சாலும் போகாதுங்கய்யா, அது நண்டோட பொறப்புலயே இருக்கு," என்று வரிசைக்கே பாடம் நடத்திவிட்டு, அத்தை என் இலையில் தயிர்ச்சோற்றை வைத்தார். அது அவரே வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டு வந்தது.

"ஊறுகாயாச்சும் குடுங்க அத்தே," என்றேன்.

ஊறுகாயை வாங்கி முகர்ந்து பார்த்தார். திருப்தி இல்லை. ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, உதட்டைத் தடவித் தடவிப் பார்த்தபடி நின்றார், தனக்கு வீங்குகிறதா என்று. ஆயுசு முழுக்க நண்டு தின்று வளர்ந்த உதடு அது.

வீங்கவில்லை.

"திங்கலாம் மாப்ளே," என்றார்.