அங்கமுத்து தேய்த்த பித்தளை

அரியலூர் மிராசுதார் காசிநாதனின் காரை அங்கமுத்து பன்னிரண்டு வருடம் ஓட்டினார். ‘எசமான் வண்டி’ என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை; ‘நம்ம வண்டி’ என்பார். அந்த ‘நம்ம’வில் எசமானுக்கு எவ்வளவு பங்கு என்பது சந்தேகந்தான். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓட்டியபோது முகமெல்லாம் கரியாக வீட்டுக்குப் போவார்; வண்டியில் ஒரு பொட்டுக் கரி இருக்காது. வெள்ளிக்கிழமைகளில் குளித்துவிட்டு வந்து, புளியும் செங்கல் பொடியும் வைத்து, வண்டியில் பித்தளை என்று எது இருந்தாலும் தேய்ப்பார். அவர் மனைவி பஞ்சவர்ணம் அண்டை வீட்டாரிடம் சொல்லிக் காட்டுவாள்: “எங்க வூட்டுக் குத்துவெளக்கு பச்ச புடிச்சுக் கெடக்கு. அங்க மோட்டாருக்கு மங்கள ஸ்நானம் நடக்குது.”

யுத்தம் முடிந்ததும், பட்டாளத்தில் லாரி ஓட்டிய குரும்பலூர்ப் பழனிவேல் ஊர் திரும்பினான். காசிநாதன் அவனைத் தம் லாரிக்கு வைத்துக்கொண்டார். கார் கொஞ்சம் இருமினாலும், “பழனிவேலு, என்னன்னு பாரு” என்பார். அவன் காதைக் கொடுத்துக் கேட்டு எதையோ திருகுவான், வண்டி சரியாகிவிடும். அதுதான் அங்கமுத்துவுக்கு வலித்தது. தன்னிடம் முரண்டு பிடித்த வண்டி அவன் கை பட்டதும் அடங்கியதை, வீட்டுக்காரி அயலான் பேச்சுக்குச் சிரித்ததைப்போல அவர் எடுத்துக்கொண்டார்.

1949இல், புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டிருந்த எசமானின் மகள் ஜானகி, குழந்தைக்குக் காதுகுத்து வைத்தாள். புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. எல்லைச் சாவடியில் அந்த வருடம் கெடுபிடி கூடியிருந்தது. கார் போனால், பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒத்துப் பார்த்த பிறகே விடுவார்கள்.

“பழனிவேலும் வரட்டும். ஆபீசருங்ககிட்ட பேசிப் பழகினவன்” என்றார் காசிநாதன்.

“ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவருங்களா, எசமான்?”

“நீ ஓட்டு. அவன் பேசட்டும்.”

இன்று பேச வருகிறவனிடம் நாளை சாவி போய்விடும் என்று அங்கமுத்து பயந்தார். சாவி போனால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது? விருத்தாசலம் தாண்டியதும் பழனிவேல், “அண்ணே, செத்த நேரம் நான் புடிக்கட்டா?” என்று கேட்டான்.

“எங்கையி ஒண்ணும் தேஞ்சுபோயிடல.”

கடலூருக்கு அப்பால் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். பழனிவேல் புத்தகத்தை நீட்டி, கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னான். அதிகாரி எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லி, எஞ்சினில் பதித்திருந்த பித்தளை எண் தகட்டைப் பார்க்கக் குனிந்தார். தகட்டில் அவர் முகம் தெரிந்தது, எண் தெரியவில்லை.

“நம்பர் எங்கய்யா?”

அதிகாரி பழனிவேலின் காக்கிச் சட்டையைப் பார்த்தார்.

“நீ மிலிட்டரியா?”

“ஆமா சார். முந்தி.”

“அதான பாத்தேன். மிலிட்டரி எஞ்சின மாட்டி, நம்பர அராவிட்டு, அந்தப் பக்கம் விக்கப் போறீங்க. இவன உள்ள உக்கார வைங்க. வண்டி போகாது.”

பின் இருக்கையில் எசமானோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி ரத்தினம்மாள், “ஐயோ, முகூர்த்தம் தவறிப்போயிடுமே” என்றாள்.

எண்ணைத் தின்றது யார் கை என்று அங்கமுத்துவுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் சும்மா நின்றார். பழனிவேல் உள்ளே போனால் சாவி தன்னிடமே இருக்கும். அவர் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

பழனிவேல் தகட்டைப் பார்த்தான், பிறகு அங்கமுத்துவைப் பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது.

“அராவல சார். பளபளன்னு இருக்கட்டுமேன்னு நான்தான் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். அழிஞ்சுபோச்சு. தப்பு என்னோடதுதான்.”

மூத்தவர் பேச்சு வாங்காமல் இருக்க அவன் சொன்ன பொய் அது. அந்தப் பொய்யைத்தான் அங்கமுத்துவால் தாங்க முடியவில்லை.

“எவன்டா தேய்ச்சான்? நீயா? பன்னெண்டு வருசமா நான் தேய்ச்சதுடா! என்னைக்குடா நீ புளியில கைய வச்ச? வந்துட்டான், பேரு வாங்க!”

இருக்கைக்கு அடியிலிருந்து புளியும் செங்கல் பொடியும் இருந்த கொட்டாங்கச்சியை எடுத்து அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“மோந்து பாருங்க சார்! இது யாரு கையின்னு பாருங்க!”

சாவடிச் சேவகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். இவ்வளவு கோபத்தோடு ஒருவன் தன் குற்றத்துக்கு உரிமை கொண்டாடியதை அதிகாரி கண்டிருக்க மாட்டார். வண்டியின் அடிச்சட்டத்தைச் சுரண்டச் சொன்னார். எண்ணெய்ப் பிசுக்குக்குக் கீழே, புத்தகத்தில் எழுதியிருந்த அடிச்சட்ட எண் அப்படியே இருந்தது. அங்கே பித்தளை இல்லை. அதனால் அங்கமுத்துவின் கை அங்கே போனதில்லை. புத்தகத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதிகாரி வழி விட்டார்.

காசிநாதன் கையை நீட்டினார். “சாவியக் கொடு.”

“எசமான், வேணும்னேவா தேய்ச்சேன்?”

“தேய்ச்சதுக்கு இல்ல. அவன உள்ள உக்கார வைக்கச் சொன்னப்ப சும்மா நின்ன பாரு, அதுக்கு.”

அங்கிருந்து புதுச்சேரிக்குப் பழனிவேல் ஓட்டினான். காதுகுத்து நேரத்துக்கு நடந்தது.

இதை அங்கமுத்துவின் நேர்மைக்குச் சான்றாகச் சொல்கிறவர்கள் அரியலூரில் உண்டு. எனக்கு அந்தத் தாராளம் இல்லை. உண்மை சில சமயம் பொறாமையின் முதுகில் ஏறியும் வந்து சேர்கிறது. அதற்காகப் பொறாமைக்கு மாலை போட முடியாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பேசாமல் இருந்தால் இருக்கை மிஞ்சும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பளபளப்பு இன்னொருவன் பேரில் போவதைக் காட்டிலும் இருக்கை போவது அவருக்கு இலேசாக இருந்தது.

தகட்டில் எண்ணை மறுபடி அடித்து வாங்கினார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அங்கமுத்து வழக்கம்போலக் குளித்துவிட்டு வண்டியிடம் வந்து நின்றார். பழனிவேல் தயங்கியபடி கொட்டாங்கச்சியை எடுத்தான்.

“இன்னைக்கு நான் தேய்க்கட்டா, அண்ணே?”

“சாவிதான் ஒங்கிட்ட இருக்குல்ல? இத வுடு.”

அங்கமுத்து அதைப் பிடுங்கிக்கொண்டார். புதிய எண்ணின் மேல் இடது கட்டைவிரலை அழுத்தி மறைத்துக்கொண்டு, சுற்றிலும் தேய்க்கத் தொடங்கினார்.